பூக்களின் பள்ளத்தாக்கு: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்குகள்

முதல் தடவை இமயமலையில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனபோது, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம். மேகத்துக்குள்ளேயே மூன்று மணி நேரம் நடந்து, பாதையோரப் பூக்களை மட்டும் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினேன். மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ஆனால் அன்று நான் கீழே இறங்கியாக வேண்டும், விமான டிக்கெட் அப்படி. வரும் வழியில் மண்சரிவில் மாட்டி ஒரு நாள் போயிருந்தது. திட்டத்தில் உபரி நாள் என்று ஒன்று வைத்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் மாற்றிப் போட்டேன். அந்தக் கணக்குதான் இது. வழி கண்டுபிடிப்பது இங்கே பெரிய விஷயமே இல்லை, பாதை நன்றாக இருக்கிறது, வழிகாட்டி கூடத் தேவையில்லை. மழை, நேரம், உயரம் இந்த மூன்றையும் உட்கார்ந்து கணக்குப் போடாமல் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

உத்தராகண்டின் சமோலி மாவட்டம். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகும் சாலையில் கோவிந்த்காட் என்று ஓர் ஊர். அங்கே அலக்நந்தா ஆற்றைக் கடந்து பிரிகிற கிளைப் பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கிறது இந்தப் பூங்கா. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. 2005-ல் நந்தா தேவி தேசியப் பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது. 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஆங்கிலேய மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தின் குழு கணவாய் தாண்டி இதற்குள் இறங்கியது. அவர் 1937-ல் மறுபடி வந்து தங்கி எழுதிய புத்தகத்தால்தான் இந்தப் பெயர் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. 'கண்டுபிடித்தார்' என்று சுற்றுலாத் துண்டறிக்கைகளில் போடுவார்கள். போகும் வழியிலிருக்கும் பியூந்தார் கிராமத்து ஆட்டிடையர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

உயரக் கணக்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர். தங்கப்போகும் காங்கரியா சுமார் 3,050. பள்ளத்தாக்கின் நடைபாதை 3,300-லிருந்து 3,600 வரை. பக்கத்து மலையில் இருக்கும், சீக்கியர்கள் யாத்திரை போகும் ஹேம்குண்ட் ஏரி 4,300-க்கும் மேல். நம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதாவது நீங்கள் படுத்துத் தூங்கப்போகும் ஊரே தென்னிந்தியாவின் எந்த மலையுச்சியையும்விட உயரம். இதை லேசாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் முதல் ராத்திரியே தலைவலி.

முதலில் மாதம், பிறகு டிக்கெட்

பூங்கா ஜூன் 1-ம் தேதி திறந்து அக்டோபர் 31-ம் தேதி மூடும். ஆனால் ஐந்து மாதமும் ஒரே காட்சி கிடையாது.

ஜூனில் ஓடைப் பள்ளங்களில் பனிக்கட்டி இன்னும் உறைந்து கிடக்கும். பச்சை அப்போதுதான் தலை தூக்கும், பூ குறைவு. ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சம். நீலப் பாப்பி வேண்டுமென்றால் ஜூலை. பாறை இடுக்கில் தனித்தனியாக நிற்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் பள்ளத்தாக்கே இளஞ்சிவப்பாகும். காரணம் இமயத்துப் பால்சம், அதாவது நம் வீட்டு வாசலில் வளரும் காசித்தும்பையின் உறவுக்காரச் செடி. ஆள் உயரத்துக்கு வளர்ந்து பாதையை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கும். முற்றிய காயை விரலால் தொட்டால் பட்டென்று வெடித்துச் சுருளும், காசித்தும்பை மாதிரியே. செப்டம்பரில் மழை குறையும், வானம் தெளியும், பூவும் குறையும்.

பிரம்மகமலம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் தொட்டியில் வைத்து, ராத்திரி பூக்கும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோமே, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி இனம். இமயத்து பிரம்மகமலம் வேறு. சூரியகாந்திக் குடும்பம், வெளிறிய மஞ்சள் மடல்கள், பகலில் பூப்பது. அது பள்ளத்தாக்கின் நடைபாதையில் கிடைக்காது. ஹேம்குண்ட் ஏரிப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் பார்க்கலாம்.

உச்சகட்டப் பூவும் உச்சகட்ட மழையும் ஒரே நேரத்தில்தான் வரும். மழை வேண்டாம், பூ மட்டும் வேண்டும் என்றால் நடக்காது. என் தேர்வு ஜூலை கடைசி வாரம். சுதந்திர தின விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காங்கரியாவின் ஒற்றைத் தெருவில் அப்போது நடக்கவே இடம் இருக்காது.

நாள் கணக்கு

ஹரித்வாரிலிருந்து ஹரித்வாருக்கு ஏழு நாள். இதில் ஒன்று உபரி. இதைவிடக் குறைக்காதீர்கள்.

முதல் நாள் ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட். ஜோதிர்மட் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள், வண்டிக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். 270 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், பத்து மணி நேரம். இரண்டாம் நாள் கோவிந்த்காட் வழியாகக் காங்கரியா. மூன்றாம் நாள் பள்ளத்தாக்கு. நான்காம் நாள் ஹேம்குண்ட். ஐந்தாம் நாள் உபரி. ஆறாம் நாள் இறங்கி ஜோஷிமட். ஏழாம் நாள் ஹரித்வார்.

பள்ளத்தாக்கை முதலிலும் ஹேம்குண்டை அடுத்தும் வைத்ததற்குக் காரணம் உடம்பு. 3,500 மீட்டர் வரை ஒரு நாள் ஏறி இறங்கிப் பழகிய பிறகு 4,300 போவது பாதுகாப்பு. மாற்றிச் செய்கிறவர்களில் பலர் மறுநாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

உபரி நாள் சாலைக்கானது. மழைக்காலத்தில் இந்தச் சாலை எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. உத்தராகண்டிலிருக்கும் ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட், ஜோஷிமட்டுக்குக் கீழே பாகல் நாலா, பத்ரிநாத் பக்கம் லாம்பகட், இவை பெயர் போன சரிவு இடங்கள். பாகல் நாலா என்றால் பைத்தியக்கார ஓடை. என்னுடைய அந்த ஒரு நாள் அங்கேதான் போனது. எதிரே மண் அள்ளும் இயந்திரம் ஒரு பாறையைத் தள்ளும், மேலிருந்து இரண்டு வந்து விழும். பேருந்துக்குள்ளிருந்த ஒரு பாட்டியம்மா மட்டும் பதறாமல் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தார்.

காலை 5 மணிக்காவது ஹரித்வாரை விட்டுக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு மலைச்சாலையில் போகத் திட்டமிடவே கூடாது. தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரி மூன்றும் ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்கள்: கண்டமென்னும் கடிநகர், திருப்பிரிதி, வதரி. கூட வருகிற பெரியவர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள். போகும்போது வேண்டாம், திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது

'முற்ற மூத்து' கோலை ஊன்றிக் குனிந்து நடக்கும் காலம் வருமுன் வதரியை வணங்குவோம் என்றார் திருமங்கையாழ்வார். முழங்கால் பற்றி அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எட்டு வாரம் முன்பே படி ஏற ஆரம்பியுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் மின்தூக்கியை மறந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் கையோடு, பிறகு முதுகில் ஐந்து கிலோ பையோடு, வாரத்துக்கு நான்கு நாள், முக்கால் மணி நேரம். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவது முக்கியம், ஹேம்குண்டிலிருந்து இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். பரீட்சை வைத்துப் பார்க்க அலிபிரியிலிருந்து திருமலை ஏறுங்கள். அந்த 3,550 படிகளை மூன்று மணி நேரத்துக்குள், பேசிக்கொண்டே ஏற முடிந்தால் இந்தப் பயணம் உங்களால் முடியும். வெள்ளியங்கிரி ஏழாம் மலை ஏறி இறங்கியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை, உயரத்தைத் தவிர.

இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று விழுங்க வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

மூட்டை

இரண்டு பை. பெரியது மட்டக்குதிரையிலோ சுமையாளிடமோ போய்விடும். சின்னது உங்கள் முதுகில்.

பருத்தி வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் காங்கரியாவில் மூன்று நாளானாலும் காயாது, நான் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் காயும் செயற்கை இழை உடை இரண்டு செட், ஒரு கம்பளி அல்லது ஃபிளீஸ், காற்று புகாத மேல்சட்டை, குல்லா, கையுறை. காலுறை மட்டும் ஐந்து ஜோடி. எல்லா உடையையும் முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, பிறகு பைக்குள் வையுங்கள். பைக்கு மேலே போடும் மழை உறை மட்டும் போதாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

காலணி கணுக்கால் வரை பிடிப்பதாக, அடிப்பகுதி பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டும். புதுசு வாங்கினால் ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழக்குங்கள். மழைக்கு, பையையும் சேர்த்து மூடும் பாஞ்சோ நல்லது. கூடவே ஒரு சாதாரணக் குடையும் எடுங்கள். டிரெக்கிங் பண்டிதர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காங்கரியா வரை அகலமான பாதை. குடை பிடித்தவன் மூக்குக் கண்ணாடியோடு நடப்பான், பாஞ்சோக்காரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நடப்பான். பள்ளத்தாக்குக்குள் மட்டும் குடையை மடித்துவிடுங்கள், செடிகள் இடிக்கும்.

ஊன்றுகோல் ஒன்றாவது வேண்டும். மூங்கில் தடி கோவிந்த்காட்டிலேயே மலிவாகக் கிடைக்கும். டார்ச், பேட்டரி, வெயில் களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பாராசிட்டமால், கட்டுத்துணி. பருப்புப்பொடியோ எள்ளுப்பொடியோ ஒரு டப்பா. மூன்றாம் நாள் உருளைக்கிழங்குப் பராத்தாவும் ராஜ்மாவும் அலுத்துப்போகும்போது வெறும் சோற்றில் போட்டுப் பிசைய அது போதும்.

பதிவு, பணம், படுக்கை

ஹேம்குண்ட், பத்ரிநாத் போகிறவர்கள் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பூங்காவுக்கான பெர்மிட் தனி, வனத்துறை தருவது. கட்டணமும் முறையும் மாறும் என்பதால் கிளம்பும் வாரம் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையும் இரண்டு நகலும் கையில் இருக்கட்டும்.

ஜோஷிமட்டிலேயே பணம் எடுத்துவிடுங்கள். மேலே சிக்னல் வரும், போகும், யுபிஐ-யை நம்பிக் குதிரைக்காரரிடம் சங்கடப்படக் கூடாது. காங்கரியாவில் தங்குவதற்கு விடுதிகள் உண்டு, மாநில அரசின் கடுவால் மண்டல் விகாஸ் நிகம் விடுதியும் உண்டு. முன்பதிவு செய்யாவிட்டால் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. எந்த மதம் என்று கேட்காமல் இடமும் கம்பளியும் சாப்பாடும் தருவார்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை எடுத்துப்போங்கள். பூங்காவுக்குள் கூடாரம் போட்டுத் தங்க அனுமதி கிடையாது.

புல்னாவிலிருந்து காங்கரியா

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை 4 கிலோமீட்டர் ஷேர் ஜீப் ஓடும். அதற்கு மேல் சுமார் 10 கிலோமீட்டர் நடை. 2013 ஜூன் வெள்ளத்தில் ஆற்றோரமாக இருந்த பழைய பாதையும் பியூந்தார் கிராமத்தின் ஒரு பகுதியும் போய்விட்டன. இப்போது பாதை பியூந்தார் அருகே பாலம் கடந்து மறுகரை ஏறுகிறது. பாலம் வரை சுகம். அதற்கப்புறம் கடைசி மூன்று கிலோமீட்டர் செங்குத்து, பழைய பயணக் கட்டுரைகளை நம்பி வருகிறவர்கள் அங்கே திகைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், ஏறிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மட்டக்குதிரை வரும்போது எப்போதும் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. மணிச் சத்தம் கேட்டதுமே நின்றுவிட வேண்டும். இந்தப் பாதையில் நடக்கும் விபத்துக்கு வழுக்கலும் குதிரையும்தான் காரணம். காலை 8 மணிக்குப் புல்னாவை விட்டால் பிற்பகல் 2 மணிக்குள் சேரலாம்.

பள்ளத்தாக்கு நாள்

பூங்கா வாயிற்கதவு காலை 7 மணிக்குத் திறக்கும். அப்போதே வரிசையில் நில்லுங்கள். நண்பகலுக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள் என்றும் மாலை 5-க்குள் வெளியே வந்தாக வேண்டும் என்றும் வைத்துத் திட்டமிடுங்கள். காலைதான் மேகம் குறைவு, பத்து மணிக்கு மேல் கீழிருந்து புகை மாதிரி ஏறி வரும்.

குதிரைக்கு உள்ளே அனுமதி இல்லை. நடக்க முடியாதவர்களை முதுகில் கூடை கட்டித் தூக்கிப்போகும் கண்டிக்காரர்கள் உண்டு. வாயிலைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் புஷ்பவதி ஆற்றின் மேல் பாலம். அதன்பின் பூர்ஜ மரங்களுக்கு நடுவே கல் பாவிய செங்குத்து ஏற்றம். பூர்ஜ மரத்தின் பட்டை காகிதம் காகிதமாகத் தானே உரிந்து தொங்கும். பழங்காலத்தில் சுவடி எழுதிய பட்டை அது. உரிக்காதீர்கள், விழுந்து கிடப்பதைத் தொட்டுப் பாருங்கள். ஏற்றம் முடிகிற இடத்தில் பாமன் தவுர் என்ற குகைப் பாறை, மழைக்கு ஒதுங்கலாம். அங்கிருந்துதான் பள்ளத்தாக்கு விரிகிறது.

பலர் இங்கே முதல் பூக்கூட்டத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். இன்னும் உள்ளே போனால் ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை. 1939-ல் செடி சேகரிக்க இங்கே வந்து, வழுக்கி விழுந்து இறந்தவர். கல்லில் பொறித்திருப்பது சங்கீதம் 121-இன் வரி, தமிழில் 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்' என்று வருமே, அது. அதற்கும் மேலே ஆற்றுப் படுகை வரை நடக்கலாம். தலைப்பக்கம் திப்ரா பனியாறு, வானம் திறந்தால் தெரியும். போகும்போது நில்லாமல் நடந்து கடைசி வரை போய்விடுங்கள், படம் எடுப்பது, பூ பார்ப்பது எல்லாம் திரும்பும்போது. உள்ளே கடை கிடையாது. மதியச் சாப்பாடும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துப்போய், குப்பையை மூட்டையாகத் திருப்பிக் கொண்டு வர வேண்டும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். செடி மிதிபடும் என்பது ஒரு பக்கம், அந்தப் பசுமைக்குக் கீழே ஓடைக் குழிகள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். சில இடங்களில் இடுப்புயரத்துக்கு ஒரே செடி மண்டிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். பாலிகோனம் என்கிற அது மற்றப் பூச்செடிகளை அமுக்கிவிடுகிறது என்று வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. பூங்காவானதும் ஆடு மேய்ப்பதை நிறுத்தியதால்தான் இது பெருகியது என்பது ஊர்க்காரர்களின் பழைய வழக்கு. ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஹேம்குண்ட் நாள்

வெறும் 6 கிலோமீட்டர் என்பார்கள். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கும் மேல் ஏற்றம் இருக்கிறது. காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். மேலே குரு கோவிந்த் சிங்கின் நினைவாகக் கட்டிய குருத்வாராவும், ஏரிக்கரையில் லட்சுமணன் கோயிலும் உண்டு. இரவு தங்க முடியாது, பிற்பகலில் எல்லாரையும் கீழே அனுப்பிவிடுவார்கள்.

மூச்சு வாங்குவது சகஜம். தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், பசியே இல்லாமல் போவது சகஜம் இல்லை. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: இறங்குவது. அரை மணி உட்கார்ந்து பார்க்கலாம், இன்னும் கொஞ்சம்தானே என்பதெல்லாம் வேண்டாம். வழியில் கற்பூரம் மோந்து பார்க்கச் சொல்லித் தருவார்கள். மூக்குக்கு இதமாக இருக்கும், ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அதனால் அதிகரிக்காது. படிக்கட்டுக் குறுக்குவழி ஒன்று உண்டு. ஏறும்போது அதில் போகாதீர்கள், சுற்றுப்பாதையே மூச்சைக் காப்பாற்றும்.

ஏரியில் முங்கி எழும் சர்தார்ஜிகளைப் பார்த்து நமக்கும் வீரம் வரும். நான் முழங்கால் வரை போய் நின்றேன், அதுவே ஐந்து நிமிடத்துக்கு வலித்தது. பிறகு குருத்வாராவின் இலவச உணவுக்கூடமான லங்கரில் ஒரு கிண்ணம் கிச்சடியும் பெரிய டம்ளரில் இனிப்பு டீயும். விரல்களில் உணர்ச்சி திரும்புவதற்காகவே அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உபரி நாளும் இறக்கமும்

சாலையில் நாள் போகவில்லை என்றால், மறுபடி பள்ளத்தாக்குக்கே போங்கள். ஒரே இடத்தை எதற்கு இரண்டு முறை என்று வீட்டில் கேட்பார்கள். என் இரண்டாவது பயணத்தில் மூன்றாம் நாள் மழை, நான்காம் நாள் மழை, ஐந்தாம் நாள் காலை ஏழேகாலுக்குப் பாலம் தாண்டும்போது வெயில். பால்சம் இலை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், பின்னால் பனிச் சிகரம். பதினொரு மணிக்கு மேகம் மூடிவிட்டது. கிடைத்தது நான்கு மணி நேரம்தான்.

மழையில் கால் ஓய்ந்தவர்கள் அந்த நாளைக் கீழே கொண்டுபோய் பத்ரிநாத்துக்குச் செலவழிக்கலாம், கோவிந்த்காட்டிலிருந்து 25 கிலோமீட்டர். வெந்நீர் ஊற்றுக் குளியல் முழங்காலுக்குத் தைலம் தடவியதைவிட நல்லது.

இறங்கும் நாள் காலை 6 மணிக்கே காங்கரியாவை விடுங்கள். பத்து மணிக்குப் புல்னா, மதியச் சாப்பாட்டுக்கு ஜோஷிமட். மறுநாள் விடியற்காலை ஹரித்வார் பேருந்துக்கு அன்று சாயங்காலமே இடம் பிடித்துவிடுங்கள். வளைவுகளில் வயிறு புரட்டும் என்று தெரிந்த எல்லாரும் முன்வரிசையைத்தான் கேட்பார்கள்.